‘பொன்னியின் செல்வன் 2’: நாவலை முடித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?

முதலில் ஒரு கணக்கு. கல்கியின் நாவல் ஐந்து பாகம். ‘புது வெள்ளம்’ 57 அத்தியாயம், ‘சுழற்காற்று’ 53, ‘கொலை வாள்’ 46, ‘மணிமகுடம்’ 46, ‘தியாக சிகரம்’ 91. மணிரத்னத்தின் முதல் படம் 2022 செப்டம்பரில் வந்தது. நடுக்கடல் புயலில் அது முடிகிற இடம், ஏறத்தாழ இரண்டாம் பாகம் முடிகிற இடம். அதாவது 110 அத்தியாயத்துக்கு 167 நிமிடம். 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் படத்தின் தலையில் மிச்சமிருந்த மூன்று பாகமும் விழுந்தன. 183 அத்தியாயம், சுமார் 165 நிமிடம். முதல் படத்தில் ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்ததென்றால், இரண்டாவதில் 54 விநாடிதான்.

நாவலை நேசித்தவர்கள் முதல் படத்தை மனம் நிறைந்து கொண்டாடியதற்கும், இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா...” என்று இழுப்பதற்கும் பாதிக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, எதை வெட்டினார்கள், எதை வளர்த்தார்கள் என்பதில்.

இரண்டு படங்களும் ஓடிடியில் கிடைக்கின்றன. நாவல் புத்தகக் கடைகளில் எப்போதும் உண்டு. ஆகவே இன்று புதிதாக உள்ளே வருகிறவருக்கும், பாதியில் விட்டவருக்கும், படித்து முடித்தும் கடைசிப் படத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவருக்கும் கேள்வி ஒன்றுதான்: எதை முதலில் எடுப்பது? “நாவலைப் படிக்காமல் படத்தைத் தொடாதே” என்பது ரசிகர்கள் வாயில் தயாராக இருக்கும் பதில். அது எல்லோருக்கும் பொருந்தாது. பலருக்கு அது தவறான யோசனையும்கூட.

நாவலே படிக்காதவர்களுக்கு

இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு நாவலுக்குப் போங்கள். முழு நாவலைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இது கசக்கும். ஆனாலும் காரணம் வலுவானது. ஐந்தாம் பாகத்தின் மிகப் பெரிய திருப்பம் படத்தில் இல்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தில் நடப்பதும் படத்தில் இல்லை. படத்தில் இல்லாததைப் படம் எப்படிக் கெடுக்க முடியும்? முன்கூட்டியே தெரிந்துபோவது கடம்பூர் அரண்மனையில் நடக்கும் ஒரு மரணம்தான். அந்த மரணம் வரலாற்றில் உள்ளது. நாவல் அதை மறைத்துவைத்து நம்மைத் திடுக்கிட வைப்பதில்லை, அது நெருங்கி வருவதைக் காட்டிக் காட்டித்தான் பதைக்க வைக்கிறது.

படத்தை முதலில் பார்ப்பதில் இன்னொரு நன்மை பெயர்கள். முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தைக் கதைநாயகன் வந்தியத்தேவன் மதில் மேலிருந்து பார்க்கும் இடத்தில்தான் புது வாசகர்கள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், சம்புவரையர், மழவரையர் என்று குறுநில மன்னர்கள் வரிசைகட்டி வருவார்கள். போதாததற்கு மலையமான், பெரிய வேளார். யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை என்பது பிடிபடப் பல அத்தியாயம் ஆகும். படத்தில் சரத்குமாரையும் பார்த்திபனையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அண்ணன் தம்பி குழப்பம் அப்போதே தீர்ந்தது.

இழப்பும் உண்டு, சின்னதல்ல. பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினிக்கு உங்கள் மனத்தில் ஐஸ்வர்யா ராயின் முகம் நிரந்தரமாகிவிடும். கல்கி நந்தினியை விவரிக்கும்போது வாசகர் தன் மனத்தில் தானே ஒரு முகம் வரைந்துகொள்கிற சுகம் போய்விடும். வந்தியத்தேவனுக்குக் கார்த்தி பொருந்திவிடுவதால் அங்கே வலி குறைவு. இந்த இழப்பு உங்களுக்குப் பெரிதென்றால் நாவல்தான் முதலில். அத்தியாயத்துக்குப் பத்து நிமிடம் வைத்தால் 293 அத்தியாயத்துக்கு ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் ஆகும். தினம் ஐந்து அத்தியாயம் என்றால் இரண்டு மாதம். இது வாராவாரம் படிக்க எழுதிய தொடர்கதை. 1950-இல் தொடங்கி 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிவதால் ஐந்து என்று உட்கார்ந்தவர் எட்டு முடித்து எழுவார்.

பாதியில் நின்றவர்களுக்கு

எங்கே நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘கொலை வாளி’ல் நின்றிருந்தால் (நிறையப் பேர் நிற்பது அங்கேதான், இரண்டாம் பாகத்தின் கடல் வேகத்துக்குப் பிறகு அது மெதுவாக நகரும்) படத்தைப் பார்த்து வேகம் ஏற்றிக்கொண்டு திரும்பலாம். ‘மணிமகுட’த்தில் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூருக்குள் நுழைந்த பிறகு நின்றிருந்தால் படத்தைத் தொடாதீர்கள். அங்கிருந்து ஐந்தாம் பாகத்தின் அந்த இரவு வரை கல்கி கயிற்றை இழுத்துக்கொண்டே போகிறார். படம் அந்தக் கயிற்றை ஒரே காட்சியில் அறுத்துவிடும். அந்த இரவைத் தாண்டும் வரையாவது படியுங்கள்.

சிலர் கேட்கும் குறுக்குவழி: முதல் படத்தைப் பார்த்தாகிவிட்டது, நேரே மூன்றாம் பாகத்திலிருந்து படித்துவிட்டு இரண்டாம் படத்துக்குப் போகலாமா? கூடாது. இருக்கிற வழிகளிலேயே இதுதான் மோசமானது. தஞ்சையில் வந்தியத்தேவன் சேந்தன் அமுதனின் வீட்டில் தங்குவதும், பேச முடியாத அவன் தாய் வாணி அம்மாளை நாம் பார்ப்பதும் முதல் பாகத்தில். அப்போது அது வழிப்போக்கனுக்குக் கிடைத்த ஒரு வேளைச் சோறு மாதிரிதான் தோன்றும். ஐந்தாம் பாகம் அந்த வீட்டின் மீதுதான் நிற்கிறது. முதல் இரண்டு பாகத்தைத் தாண்டிக் குதித்தவருக்குக் கடைசிப் பாகத்தின் திருப்பம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும்.

சுருக்கப் பதிப்பும் இந்தத் தேவைக்கு ஆகாது. சுருக்குகிறவர் கை முதலில் போகும் இடம் கிளைக்கதை. படமும் அதைத்தான் வெட்டியது. ஒரே வெட்டை இரண்டு தடவை பார்த்து என்ன பயன்? ஒலிப்புத்தகம் வேறு விஷயம். வாய்விட்டுப் படிக்கக் கேட்பதற்கென்றே எழுதியது போன்ற நடை கல்கியுடையது. முதல் அத்தியாயத்தில் வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு வர்ணனையைக் கேட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் முன்னால் புரட்டிப் பார்க்க முடியாது என்பதால், படம் பார்த்து முகங்கள் மனத்தில் பதிந்த பிறகு கேட்பதே நல்லது.

கதையின் முடிவு தெரியக் கூடாது என்பவர்களுக்கு முடிவெடுக்க இது போதும். இதற்குக் கீழே எல்லாம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

படித்து முடித்தவர்களுக்கு: பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் ‘இது வந்தியத்தேவன் கதை’ என்ற எதிர்பார்ப்பை வைத்துவிட்டுப் போக வேண்டும். நாவல் வந்தியத்தேவனின் குதிரையில் தொடங்குகிறது. ஏரிக்கரையில் அவன் மதகுகளை எண்ணிக்கொண்டு வருவான், நாம் அவனோடு சோழ நாட்டுக்குள் நுழைவோம். கரிகாலனைப் பற்றி நிறையக் கேள்விப்பட்ட பிறகுதான் அவனைப் பார்ப்போம். படம் இதைத் திருப்பிப் போட்டது. முதல் படமே ராஷ்டிரகூடர்களோடு கரிகாலன் நடத்தும் போரில் தொடங்குகிறது. இரண்டாவது படம் இளம் கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் நாட்களில் தொடங்குகிறது. நாவலில் இந்தக் காதல் நம் கண்முன் நடப்பதில்லை. கரிகாலன் தன் நண்பன் பார்த்திபேந்திரனிடம் சொல்லும் நினைவாகவும், நந்தினி வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு விதமாகச் சொல்லும் கதையாகவும் வருகிறது. எந்தச் சொல்லை நம்புவது என்ற சந்தேகமே அங்கே நந்தினியின் பலம்.

படம் அந்தச் சந்தேகத்தை எடுத்துவிட்டு, காதலை நேரடியாகக் காட்டியது. இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற எல்லா மாற்றங்களும் கிளைவிடுகின்றன. கரிகாலன் கதை என்று ஒப்புக்கொண்டு பார்த்தால் ‘பொன்னியின் செல்வன் 2’ முழுமையான படம். கல்கியின் கடைசி மூன்று பாகம் என்று பார்த்தால் ஊனமான படம். இரண்டும் உண்மை என்பதால்தான் ரசிகர் மனம் ஒரு பக்கமாகச் சாய மறுக்கிறது.

கடம்பூர் அறையை எடுத்துக்கொள்வோம். நாவலில் அந்த இரவு ஆட்களால் நிறைந்தது. நந்தினியின் கையில் மீன் சின்னம் பொறித்த வாள். யாழ்க் களஞ்சியத்துக்குள் சுரங்க வழி, அதில் வந்தியத்தேவன். வேட்டை மண்டபத்தின் பக்கம் ரவிதாசன் கூட்டம். வேடம் மாறிப் பெரிய பழுவேட்டரையர். மறைவில் சம்புவரையர் மகள் மணிமேகலை. பிறகு விளக்கு அணைகிறது. வெளிச்சம் வரும்போது கரிகாலன் இல்லை. கொன்றது யார் என்பதற்குக் கல்கி ஒரே பதிலைத் தருவதில்லை. பழி வந்தியத்தேவன் மேல் விழுந்து, அவன் தஞ்சைப் பாதாளச் சிறைக்குப் போகிறான். ஒருவர் பின் ஒருவராகப் பழியைத் தம் தலையில் போட்டுக்கொள்ள முன்வருகிறார்கள். வரலாறு விட்டுவைத்த இடைவெளியை அவர் அப்படியே காப்பாற்றினார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினர் உடைமைகள் பறிமுதலானதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் பின்னால் இருந்தார்கள் என்று அதில் இல்லை. அந்த ‘ஏன்’தான் கல்கியின் மூன்று பாகம்.

படத்தில் அந்த அறையில் இருட்டில்லை. விக்ரம், ஐஸ்வர்யா ராய் இருவர் முகமும் நமக்கு நன்றாகத் தெரிகிறது. கொல்ல வந்தவளால் கொல்ல முடியவில்லை. சாகத் துணிந்து வந்தவன் சாவை வாங்கிக்கொள்கிறான். ரவிவர்மனின் ஒளிப்பதிவு, ஏ.ஆர்.ரஹ்மானின் இசை அடங்கி அடங்கி எழும் விதம், எல்லாம் சேர்ந்து படத்தின் ஆகச் சிறந்த காட்சி இதுதான். நாவலில் பக்கம் பக்கமாக இருவரும் பேசுவதைவிட இங்கே சில பார்வைகள் ஆழமாக இறங்குகின்றன. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் விலையும் இங்கேதான் கொடுக்கப்பட்டது. கொலை தெளிவாகிவிட்டதால் அதற்குப் பிறகு வந்தியத்தேவனுக்கு வேலை குறைந்துவிட்டது. பழி, சிறை, விசாரணை, தப்பித்தல் என்று நாவலில் நீண்டு போகிற கதையைப் படத்தில் சில நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. இடைவேளைக்குப் பிந்திய படம் அவசரமாக ஓடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் படத்தொகுப்பல்ல, இந்த முடிவுதான்.

அடுத்து மணிமேகலை. படத்தில் அவள் இல்லவே இல்லை. நாவலின் 91-ஆவது, அதாவது ஆகக் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு ‘மலர் உதிர்ந்தது!’ வந்தியத்தேவனின் மடியில் மணிமேகலை உயிர் விடுகிறாள். பட்டாபிஷேகம், பரிசு, பொன்மழை எல்லாம் முடிந்த பிறகு கல்கி கதையை அரியணையில் முடிக்கவில்லை. அதிகாரத்தில் எந்தப் பங்கும் கேட்காத ஒரு பெண்ணின் சாவில் முடித்தார். கடைசிப் படம் ராஷ்டிரகூடர்களோடு ஒரு போரை வைத்து, வெற்றியோடு முடிசூட்டுக்குப் போகிறது. நாவலின் முடிவில் அப்படி ஒரு போரே கிடையாது. அங்கே கொடும்பாளூர் வேளாரின் சேனை தஞ்சைக் கோட்டையை வளைத்துக்கொண்டு நிற்க, உள்நாட்டுப் போர் வெடிக்கப்போகிறது என்ற இடம் வரை போய், அது நடக்காமல் தடுக்கப்படுகிறது. போரைத் தவிர்ப்பது திரையில் போரைவிடக் கடினமான காட்சி என்பது புரிகிறது. மணிமேகலையை விட்டது அப்படிப் புரியவில்லை. இந்தப் படத்தின் மீது நியாயமாக வருத்தப்படக்கூடிய ஒரே வெட்டு இதுதான்.

மகுடம் யாருக்கு?

ஆனால் ரசிகர்கள் அதிகம் கோபப்பட்டது வேறொரு மாற்றத்துக்கு. நாவலில் செம்பியன் மாதேவி தன் மகன் மதுராந்தகனுக்கு அரசு கூடாது என்று முதலிலிருந்தே தடுக்கிறார். பெற்ற தாயே ஏன் இப்படி என்ற கேள்வி நான்கு பாகம் ஓடுகிறது. ஐந்தாம் பாகத்தில் விடை: அவன் அவர் பெற்ற பிள்ளையே அல்ல. இறந்துவிட்டதாக நினைத்துப் புதைக்கக் கொடுத்த குழந்தை உயிரோடிருந்தது, வாணி அம்மாள் வளர்த்தார். அந்தப் பிள்ளைதான் கோயிலுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன். மகுடத்தைக் கையில் வாங்கிய அருள்மொழி (கரிகாலனின் தம்பி, பின்னாளில் ராஜராஜன்) அதை அவன் தலையில் வைக்கிறார். அவனே உத்தம சோழன் ஆகிறான், பூங்குழலி பட்டத்தரசி ஆகிறாள்.

படத்தில் இந்தக் குழந்தை மாற்றம் கிடையாது. நடிகர் ரஹ்மான் நடித்த மதுராந்தகனே செம்பியன் மாதேவியின் மகன், அருள்மொழி அவனுக்கே மகுடத்தைத் தருகிறார். “கல்கியின் தலையாய திருப்பத்தையே தூக்கிவிட்டார்கள்” என்று வருந்துவது இயல்பு. அதே நேரத்தில் கவனிக்க வேண்டியது, படம் இந்த இடத்தில் வரலாற்றுக்கு நாவலைவிட நெருக்கமாக இருக்கிறது. உத்தம சோழன் என்ற மதுராந்தகன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். ஏறத்தாழ 985 வரை ஆண்டவன். அவனுக்குப் பின்தான் ராஜராஜன். கரிகாலன் மறைந்த பிறகு மக்கள் வேண்டியும், தன் சிற்றப்பனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அருள்மொழி இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆசைப்பட்டவனுக்குத்தான் விட்டுக்கொடுத்தார்.

இதில் எது பெரிய தியாகம்? நாவலில் மகுடம் போவது அதை விரும்பாத, எல்லோருக்கும் பிடித்த ஒரு நல்லவனுக்கு. நம் மனம் குளிர்கிறது, ஆனால் அருள்மொழிக்கு அது அவ்வளவு கடினமில்லை. படத்தில் மகுடம் போவது அதற்காகச் சதியில் சேர்ந்தவனுக்கு. கொடுப்பது அங்கேதான் கடினம். தியாகம் என்ற ஒன்றை மட்டும் எடைபோட்டால் படத்தின் முடிவு கனமானது. கதையின் அழகு என்று பார்த்தால் நாவலின் முடிவுக்குப் பக்கத்தில்கூட அது வராது. ஏனென்றால் சேந்தன் அமுதனின் குடிசையில் தொடங்கிய இழை முழுவதும் அங்கே வந்து முடிச்சிடுகிறது. பூங்குழலியின் கோபமும், அவள் குத்திப் பேசியதால் ‘சிங்காதனத்தில் உட்காரவே மாட்டேன்’ என்று வானதி எடுத்த சபதமும் அந்த முடிச்சுக்குள்தான் வருகின்றன. இழையை எடுத்துவிட்டால் பூங்குழலிக்கும் வானதிக்கும் கடைசிப் படத்தில் செய்ய ஒன்றுமில்லாமல் போவதில் ஆச்சரியமில்லை.

நாவலைப் பல முறை படித்தவர்களுக்கு என் பரிந்துரை: மறுவாசிப்பு முடித்த சூட்டோடு படத்தைப் பார்க்காதீர்கள். மனம் திரையைப் பார்க்காது, விடுபட்ட அத்தியாயங்களை எண்ணிக்கொண்டிருக்கும். ஓரிரண்டு மாதமாவது இடைவெளி விடுங்கள். முதல் படத்தை முந்தின நாள் பார்த்துவிட்டு, மறுநாள் இரண்டாவதைப் பாருங்கள். இரண்டும் ஒரே படமாக எழுதப்பட்டவை. மணிரத்னம், ஜெயமோகனோடு திரைக்கதையில் இருந்த இளங்கோ குமரவேல், 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழு இந்த நாவலை மேடையேற்றியபோது நாடகத்தை எழுதியவர். ஐந்து பாகத்தையும் ஒரே இரவில் சொல்லிப் பழகிய கை திரைக்கதையில் இருக்கிறது. எது இல்லாவிட்டால் கதை நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எது இல்லாவிட்டால் நமக்கு வலிக்கும் என்பது வேறு.

முழு மறுவாசிப்புக்கு நேரமில்லை, படத்தைப் பார்த்தபின் மனம் ஆறவில்லை என்றால், ஐந்தாம் பாகத்தை மட்டும் எடுங்கள். தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக் கடல் பொங்கும் அத்தியாயங்கள், பிறகு கடம்பூர் இரவு, பிறகு ‘பட்டாபிஷேகம்’ நெருங்குவது முதல் கடைசி வரை. ஒரு வார இறுதிக்குள் முடியும்.

வாங்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் பதிப்புகள் ஏராளம், தரம் ஒன்றுபோல் இல்லை. ஐந்து பாகத்தையும் ஒரே தடிப் புத்தகமாகக் கட்டியவற்றில் எழுத்து பொடியாக இருக்கும், நடுப்பக்கம் முதுகுக்குள் போய்விடும். தனித்தனிப் பாகமாக வாங்குவதே கைக்கும் கண்ணுக்கும் நல்லது. மணியம் வரைந்த ஓவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு இலவசம். எதை எடுத்தாலும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் ‘முடிவுரை’ இருக்கிறதா என்று பாருங்கள். தொடர் நின்றவுடன் கதை சட்டென்று முடிந்துவிட்டதாகவும், இன்னார் என்ன ஆனார் என்றும் கேட்ட வாசகர்களுக்குக் கல்கி அதில்தான் பதில் எழுதியிருக்கிறார். வந்தியத்தேவனும் குந்தவையும் மணந்தார்களா, நந்தினி என்ன ஆனாள் என்ற கேள்விகளோடு படத்திலிருந்து வெளியே வருகிறவர்கள், நாவலின் முதல் அத்தியாயத்துக்கும் முன்பாக அந்தச் சில பக்கங்களைப் படித்துவிட வேண்டாம்.